பதினொரு விநாடி

சாட்ஸ்வர்த் மண்டபத்தில் எட்டாம் சுற்று.
என் அட்டையில் பூபாலன் மூன்று புள்ளி முன்னே.
பகலில் டர்பன் நகராட்சிக்குத்
தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள் நான்;
எண்ணைத் தடவிக்கொடுத்துப் பழக்கமில்லை.

கயிற்றோரம் நான்கு குத்து.
இரண்டு கையுறையில், ஒன்று தோளில்.
நாலாவது எங்கே இறங்கியதென்று
என் நாற்காலிக்குத் தெரியவில்லை.
நடுவர் பாய்ந்து குறுக்கே நின்றார்,
இரு கையும் வீசினார்.
மணிக்கு இன்னும் பதினொரு விநாடி.

"விழவே இல்லையேடா!"
பின்வரிசையிலிருந்து பறந்து வந்தது
பாதி தின்ற பன்னி சௌ.
குழம்பு என் சட்டையில்.

நடுவர் தங்கியிருப்பது
ஜெயித்தவனின் முதலாளி பிடித்துக்கொடுத்த அறை.
அது எனக்குத் தெரியும்.

நடைவழியில் பூபாலன்
எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டே
குனிந்து ஷூ லேஸைத் தேடினான்.
விரல் அதன் மேலேயே போய்ப்போய் வந்தது.
அதையும் பார்த்தேன்.

நிறுத்திய ஆட்டத்தில்
என் எண்கள் செல்லாக்காசு.
ஆனாலும் அட்டை வேண்டுமாம், கையெழுத்தோடு.
எட்டாம் கட்டத்தில் பேனா
கொஞ்சம் நின்றது.
மை ஊறி ஒரு புள்ளியாயிற்று.
யாருக்கும் சேராத புள்ளி.