பட்டி பார்த்த இடம்

விளம்பரத்தில் நான் எதையும் ஒளிக்கவில்லை.
வுல்ஸ்லி பதினாறு-அறுபது,
அறுபத்தாறாம் வருடத்து வண்டி,
மேலே தந்த நிறம், கீழே அரக்கு.
இடது பின்சக்கர வளைவுக்குப் பின்னால்
உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பார்த்திருக்கிறது.
மற்றதெல்லாம் இரும்பு.

முதலில் போன் செய்தவர்
"உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா" என்றார்.
இருக்கிறார், பக்கத்து அறையில்.
செவ்வாய்க்கிழமைப் பிள்ளைக்கு
பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.
வண்டியைப் பற்றி என்ன கேட்க வேண்டும், என்னிடம் கேளுங்கள்
என்றதும் வைத்துவிட்டார்.

பதினொரு குளிர்காலம்.
லட்லோவில், எங்கள் காரேஜில்,
ஹீட்டர் பக்கம் கன்னம் வேக
சிமென்ட் பக்கம் முதுகு விறைக்க
மல்லாந்து கிடந்து வெல்டிங் வைத்தவள் நான்.
சுரண்டச் சுரண்டத் துரு.
துருவுக்குப் பின்னால், யாரோ
தகர டப்பாவை வெட்டி ஒட்டிய ஒட்டு;
அதில் பாதி அழிந்த பிஸ்கெட் கம்பெனிப் பெயர்.
அந்தத் துண்டை எறியவில்லை.
ஆணி போடும் டப்பாவில் கிடக்கிறது.

சனிக்கிழமை, ஸ்டோக்கிலிருந்து வந்தார் டன்னிக்ளிஃப்.
நனைந்த தொப்பி.
மஞ்சள் துணியில் சுற்றிய காந்தம்.
விற்க வந்த மாடு வாயைத் திறக்கத்தானே வேண்டும்,
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

டொக், டொக், டொக்
என்று போனது காந்தம்:
மட்கார்டு, கூரை, கதவுகளுக்கு அடியில் நான் புதிதாக வைத்த பட்டை.
சக்கர வளைவில் நழுவியது.
"சொன்ன இடம்தான்" என்றார், தலையாட்டினார்.
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிறகு முன் இடக் கதவின் அடியில்
காந்தம் விழுந்தது.

எடுத்து மறுபடி வைத்தார். விழுந்தது.
என்னிடம் கொடுத்தார். வைத்தேன்.
விழுந்தது.

அந்தக் கதவு என் கதவு.
உரித்து, தேய்த்து, ஏழு பூச்சு பூசியது.
அதன் இரும்பை எனக்குத் தெரியும் என்று
கோர்ட்டில் கூடச் சொல்லியிருப்பேன்.

உள்ளே பியானோ நின்றிருந்தது எப்போது என்று தெரியாது.
எம்லின் செருப்போடு வாசலில்.
"புது பியானோ வந்த அன்று" என்றார்,
"லாரி உள்ளே வர வழியில்லை.
நீ உன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாய்.
பின்னால் எடுத்தேன்.
கேட்டுத் தூண் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று..."

"நாலு வருடமா?"

"மூன்று ராத்திரி ஆயிற்று. உன் பெயின்ட்தான்,
அலமாரியில் மீதி இருந்தது."

நான் குனிந்து பார்த்தேன்.
கன்னத்தை ஒட்டி வைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன்.
ஒரு அலை இல்லை, ஒரு கோடு இல்லை.
கோபப்பட வாயெடுத்தால்
"நன்றாகத் தேய்த்திருக்கிறீர்கள்" என்று வந்துவிட்டது.

டன்னிக்ளிஃப் இருமினார்.
வியாபாரி, இருமலிலேயே முந்நூறு பவுண்டு குறைத்தார்.
சரி என்றேன்.
எழுதியது பொய்யாகிவிட்டதல்லவா.
ஆறாயிரத்து இருநூறு.
இரண்டு சாவி, ஒரு கட்டு ரசீது,
சோக்கை முழுதாக இழுக்காதே, பாதி போதும்
என்று நான்கு முறை சொன்னேன்.

மாலை நாலு மணிக்கே இருட்டு.
சைடு விளக்கைப் போட்டதும்
முகப்புச் சின்னத்தில் பெயர் எரிந்தது.
திருப்பத்தில் இன்டிகேட்டர் நிற்காமல் மினுக்கியது;
அதை மட்டும் கையால் அணைக்க வேண்டும்,
அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

காரேஜ் தரையில் எண்ணெய்க் கறை,
நாலு சக்கரத்துக்கு நடுவில் இருந்தது
இப்போது எதற்கும் நடுவில் இல்லை.
மேலே மரத்தூள் கொட்டினேன்.

காந்தத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்.
எம்லினின் ஸ்வெட்டரில் வைத்தேன், சிரிப்பதற்காக.
அவர் சிரிக்கவில்லை.
முந்நூறைத் தன் கணக்கில் எழுதிக்கொள் என்றார்.

ராத்திரி அவர் தூங்கிய பிறகு
பியானோ மூடியைத் தூக்கினேன்.
உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம்,
நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.
கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.