பத்துக்குப் பன்னிரண்டு

வங்கிகளுக்காக வீடுகளுக்கு விலை போடுகிறவன் நான்.
விரல் மடக்கிச் சுவரில் தட்டினால் போதும்,
உள்ளே செங்கல்லா ஹாலோ பிளாக்கா,
கொத்தனார் எத்தனை மூட்டை சிமெண்டை விழுங்கினார்
எல்லாம் கேட்டுவிடும் எனக்கு.

கம்பிப்பாட்டில் தட்டுவதற்குச் சுவரில்லை.

ஸ்கூட்டர் பஞ்சராகி நின்ற ஞாயிறு.
கச்சான் பிடித்து நாலு நாள்.
நம்புசெல்வி தன் வீட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
இடிக்கவில்லை, பிரிக்கக்கூட இல்லை,
அவிழ்த்தாள்.
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் சடையை
அவிழ்ப்பது மாதிரி
பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்.

"வாடைக்குத்தான் இந்தக் கரை.
கச்சானுக்கு வடகரை."

அவள் கை காட்டிய இடம்
தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம்,
ஒரு பீடி தீர்வதற்குள் போய்விடலாம்.
அங்கே பெண்கடல்
தட்டில் ஊற்றி ஆறவைத்த கஞ்சியாய்க் கிடந்தது.
இங்கே ஆண்கடல்
மணலை அள்ளி எங்கள் பல்லில் போட்டது.

எட்டுச் சவுக்குக் கால்.
பனையோலை நூற்றுச் சொச்சம்.
நீலத் தார்ப்பாய் ஒன்று,
அதில் ஏதோ என்ஜின் கம்பெனியின் பெயர் தலைகீழாக.
மிச்சமெல்லாம் கயிறு.
வீடு என்பது பெரும்பாலும் முடிச்சுகள்தான் என்று
பதினேழு வருடத் தொழிலில்
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு முடிச்சில் என் நகம் பெயர்ந்தது.
அவள் கணவன் பூமிராஜ் சிரித்தான்.
"இழுக்காதீக சார்.
உள்ளாற தள்ளுங்க, தானா விட்டுரும்."

அழகு என்று எதையும் சொல்லிவிடாதே
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
போன ஐப்பசியில் மூன்று ராத்திரி
தார்ப்பாயின் நாலு முனையில் நாலு பேர் உட்கார்ந்து
வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.
நாலாவது ஆள், ஏழு வயது தர்ஷினி, தூங்கிப்போக
அவள் முனையில் அரிசிப் பானையைத் தூக்கி வைத்தார்களாம்.
அதைச் சொல்லும்போதும் அவள் கை
ஓலையை அடுக்கிக்கொண்டேதான் இருந்தது.

குட்டியானை வரத் தாமதமானது.
கைப்பேசியில் ஒரு படம் காட்டினேன்.
மங்கோலியப் புல்வெளி,
கம்பளிச் சுவர் வைத்த வட்டக் கூடாரங்கள்,
புல் தீர்ந்தால் சுருட்டி
ஒட்டகத்தில் ஏற்றிப் போய்விடுகிறார்கள்.
(பாம்பன் பக்கம் ஒரு விடுதிக்காரர்
அதே மாதிரி மூன்று போட்டிருக்கிறார்,
இரவுக்கு ஆறாயிரம், உள்ளே ஏசி.
அதற்கும் நான்தான் விலை போட்டேன்.)

நம்புசெல்வி வெகுநேரம் பார்த்தாள்.
"எந்தக் காத்து வந்தாலும் வழுக்கிக்கிட்டுப் போயிரும்.
வெவரமான ஆளுக."
பிறகு படத்தைப் பெரிதாக்கி, உள்ளே தேடி,
"மூலையே காணோமே.
கோவிச்சுக்கிட்டா எங்க போயி உக்காருவாக?"

பட்டணம்காத்தானில் எங்கள் வீட்டில்
மூலைகள் பதினாறு.
தவணை இன்னும் ஒன்பது வருடம்.
நானும் என் மனைவியும் ஆளுக்கொன்று எடுத்தது போக
மிச்சத்தில் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.
அதை அவளிடம் சொல்லவில்லை.

வீடு வண்டியில் ஏறியது. இருபது நிமிடம்.
கதவு மட்டும் ஏறவில்லை.
உடைந்த வள்ளத்தின் பலகை அது,
பாதிப் பதிவு எண் இன்னும் அழியாமல்.
பூமிராஜ் அதைத் தலையில் வைத்துச் சாலையைக் கடந்தான்.
தனுஷ்கோடி பார்க்கப் போன வேன் ஒன்று
பிரேக் போட்டுக்
கதவுக்கு வழிவிட்டது.

பழக்க தோஷம், டேப்பை எடுத்தேன்.
பத்துக்குப் பன்னிரண்டு.
எட்டுக் குழிகள்.
எழுதிக்கொள்வதற்குள்
ஒன்றில் நண்டு குடியேறியிருந்தது.

"சார், தண்ணி குடிச்சிட்டுப் போங்க"
வடகரையிலிருந்து குரல்.
போனேன்.
கால் நடவில்லை, கூரை இல்லை,
மணலைக் கையால் தோண்டி எடுத்த ஊற்று
சொம்பில் இன்னும் கலங்கலாக இருந்தது.
கதவை மட்டும்
ஓலைக்கட்டில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள்.

அதற்கு இந்தப் பக்கம்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
உள்ளே போனேன்.