கடன் கொப்பி

பாலவேலைக்கு வந்தவர்களைச் சீனன் என்றோம்.
நேபாள், நேபாள் என்று
நெஞ்சில் தட்டிச் சொன்னார்கள்.
சரி, நேபாளச் சீனன் என்றோம்.

வெல்லாவெளி வீதியில் என்னுடையது சின்னக் கடை.
கடன் கொப்பியில்
மஞ்சள் தொப்பி,
மஞ்சள் தொப்பி நெட்டை,
மஞ்சள் தொப்பி பல்லில்லாதவன்
என்று பக்கம் ஒதுக்கினேன்.
பருப்பு, பச்சை மிளகாய், சவர்க்காரம்,
ஞாயிறில் மட்டும் ஒரு டின்மீன்.
சம்பளம் வந்த பின்னேரமே
சதம் பிசகாமல் கட்டுவார்கள்.
எங்கள் ஊராரின் பக்கங்களோ
ஒவ்வொன்றும் ஒரு வருச நீளம்.

வாவித் தண்ணீரை ஒருவன்
இரு கையாலும் அள்ளிக் குடித்துத் துப்பினான்.
இவ்வளவுமா உப்பு என்று
கண்ணால் கேட்டான்.
சிரித்தோம். அவனும் சிரித்தான்.
நல்ல சிரிப்புத்தான் அது, அன்றைக்கு.

வைகாசியில் அம்மன் சடங்கு.
சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.
வண்ணக்கர் வாய் திறக்க முன்னமே
வெளி வேம்பின் கீழ் நின்றுகொண்டார்கள்,
எங்கே நிற்பது என்பதை
ஊர் ஊராய்ப் படித்து வந்தவர்கள்.
பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
கொடுத்ததைப் பற்றி
ஒரு கிழமை பேசினோம்.

பிறகு குணநாயகத்தின் தண்ணீர் மோட்டர் காணாமல் போனது.

இரவு பத்துப் பேர் போனோம்.
தகரக் கொட்டிலில் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள்.
மிளகாய்த்தூள். கம்பளிக் காலுறை
(இந்த வெக்கையில் கம்பளி).
கடதாசியில் சுற்றிய ஒரு பால்பல்.
என் கடைச் சவர்க்காரம், பாதி தேய்ந்தது.
யாரும் அடிக்கவில்லை.
நான் ஒன்றையும் தொடவில்லை.
டோர்ச் மட்டும் பிடித்தேன்.

மோட்டர் களுவாஞ்சிக்குடியில்
கொயில் சுற்றக் கிடந்தது.
மச்சான் கொண்டுபோனானாம்,
சொல்ல மறந்தானாம்.
குணநாயகம் அதைப் பூட்டி மிளகாய்க்கு நீர் இறைத்தார்.
கொட்டில் பக்கம் ஒருவரும் போகவில்லை.

தவமலர் குவைத்தில் பதினொரு வருசம்.
அங்கே அவளுக்குப் பேர் சோமா.
முன்பிருந்த வேலைக்காரியின் பேராம்,
மாற்றிப் பழக வீட்டாருக்குப் பஞ்சி.
இதையெல்லாம் அன்றைக்குத்தான் சொன்னாள்,
மீன் வெட்டிக்கொண்டு, முகம் பாராமல்.
"மேடத்திர காப்பு ஒண்டு காணாமப் போச்சு.
என்ர சூட்கேசை நடு ஹோலில கொட்டினாங்க.
நான் வளத்த புள்ளைகளும் நிண்டு பாத்ததுகள்.
மறுகா, காப்பு குளியலறைக்குள்ள கிடந்திச்சு."
கத்தியைக் கழுவினாள்.
"டோர்ச் ஆர் புடிச்ச?"

செதில் ஒன்று அவள் முழங்கையில் ஒட்டியிருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு
வீதியைக் கடந்து போனாள்.
வரும்போது தொப்பிகள் வெட்டுப்பட்டிருந்தன.
கும்பா தமாங். பிரேம் லிம்பு. ரன் பகதூர்.
குண்டு குண்டாய் அவள் எழுத்து.
என்ன சொன்னாய் என்றேன்.
பேர் கேட்டன், என்றாள்.

அதற்குப் பிறகும் சாமான் வாங்கினார்கள்,
கடனுக்கு இல்லை.
முன்காசு தந்தார்கள்,
கழித்துக் கழித்து எழுதினேன்.
யாரும் என்னோடு கோபமாக இல்லை.
கோபித்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

திறப்புவிழாவுக்கு முதல் இரவு லொறி வந்தது.
அடுத்த வேலை எந்த ஊரிலோ.
இப்போது அதற்குச் சீனன்பாலம் என்று பேர்,
பஸ்காரனும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

ரன் பகதூரின் பக்கம் இன்னும் கிடக்கிறது.
மிச்சம்: முந்நூற்று நாற்பது ரூபாய்.
நாங்கள் கொடுக்க வேண்டியது.