மொத்தப் பிடிப்பு

லியெபாயா துறைமுகத்தில் பனி இறங்குகிறது.
ட்ஸிந்த்ரா 'படகு' என்றொரு வகுப்பு எழுதுகிறாள்:
பெயர், நீளம், பதிவு எண்.
'மொத்தப் பிடிப்பு' மட்டும்
எந்த அட்டவணையிலும் கிடையாது.
கேட்கும்போதுதான் பிறக்கும் அது.
கேள்விக்குள் ஒரு குட்டிக் கேள்வி
அடைப்புக்குறியில் குனிந்து நுழைந்து
போய்வந்த நடைகளையெல்லாம்
கூட்டிக்கொண்டு வரும்.

முதலில் முப்பத்தேழு படகுக்கு
முப்பத்தெட்டு தடவை சர்வரைத் தட்டினாள்.
காபி ஆறிப்போனது.
திருத்தினாள். இப்போது ஒரே தட்டு.

காயா: நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ.
மற்றதெல்லாம் வரிசையாக.
ஸ்டிர்னாவுக்கு எதிரே
எண் இல்லை. சைபர்கூட இல்லை.

"சைபராக்கிவிடேன், ஒரு வரிதானே"
என்கிறான் வில்னிஸ், கோட்டை மாட்டிக்கொண்டே.

ஆக்கலாம்.
சைபர் என்றால் வலை வீசி
வெறுங்கையோடு திரும்பியது.
இது போகாத கடல்.
கூட்ட ஒரு வரிகூட இல்லாத இடத்தில்
இந்த இயந்திரம்
நாணயமாகத்தான் வாயை மூடிக்கொள்கிறது.

ஜன்னலுக்குக் கீழே
கயிறு இறுகித் தளர்ந்து
ஸ்டிர்னா ஆடிக்கொண்டிருந்தது,
மேல்தளத்தில் மிதிபடாத பனி.

அறிக்கையில் அந்தக் கட்டத்தை
அப்படியே விட்டு
விளக்கை அணைத்தாள்.
காலையில் வில்னிஸ் கேட்பான்.
கேட்கட்டும்.