அடி பிளந்த நாள்

ஸ்ட்ரால்சுண்டில் இறங்கி, இருபுறமும் குளம் கிடக்கப்
பழைய ஊருக்குள் போகும் சாலையில்
இடது காலணி வாயைத் திறந்தது.
கட்டைவிரலில் ஏப்ரல் காற்று.

புது ஜோடிக்கு எழுபது யூரோ ஆகும்.
வந்ததோ செங்கல் பார்க்க.
திரும்பும் ரயில் ஆறு இருபத்தேழுக்கு.
சேற்றில் இறங்கிய கொக்கைப் போல
ஒரு காலை மட்டும் கூடுதலாய்த் தூக்கி நடந்தேன்.

சந்தைத் திடலில் எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள்.
வழிகாட்டிப் பெண் மஞ்சள் குடையை உயர்த்த
முப்பது மோவாய்கள் கூடவே உயர்ந்தன.
நகர மன்றத்தின் நெற்றியில் வட்ட வட்டமாய்த் துளைகள்,
துளைகளில் நேராக வானம்.
பின்னால் அறையுமில்லை, கூரையுமில்லை.
லூபெக்காரர்கள் பார்த்து வயிறெரியட்டும் என்று
சுவரை மட்டும் எழுப்பினார்களாம்.
எனக்குப் பிடித்துப்போனது அந்த வீம்பு.
இரவல் அட்டிகையோடு கல்யாணப் பந்தியில்
முதல் வரிசையில் உட்கார்ந்த சின்ன அத்தை வேதவல்லி
புகைப்படத்தில் இதே நிமிர்வில்தான் இருக்கிறாள்.

மற்றதெல்லாம் நான் குனிந்து பார்த்த ஊர்.
உருண்டைக் கல், பிறகு சப்பைக் கல்,
இடுக்கில் பாசி, ஒரு சிகரெட் துண்டு,
சைக்கிள் சக்கரம் வழுக்கிய கோடு,
மீன்கடை வாசலில் செதில் மினுக்கம்.
கோபுரங்களை அவற்றின் நிழலில் அளந்தேன்.
நிழலுக்குள் குளிர் ஒரு பிடி அதிகம்.

ஒரு வாசலில் தடுக்கியது.
தடுக்குவதற்கென்றே பதித்த கல்தான்:
உள்ளங்கை அகலப் பித்தளை,
இங்கே வாழ்ந்தாள் என்று தொடங்கி
பெயர், பிறந்த ஆண்டு,
இழுத்துப்போன ஆண்டு, ஒரு முகாம்.
அந்த வீட்டில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை.
காலணியைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து
பெயரை வாய்விட்டுப் படித்தேன்.
எந்த எழுத்தில் அழுத்தம் என்று தெரியவில்லை.
தப்பாய்த்தான் சொல்லியிருப்பேன்.
மங்கையர்க்கரசியை ஆய்வகத்தில் நாலு வருஷமாய்
மாங்கா என்கிறார்கள்.
நானும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.
இன்னொரு முறை, மெதுவாய்ச் சொன்னேன்.
எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து
கடைக்காரர் வெளியே வந்தார்.
ஒன்றுமில்லை என்றேன்.
ஜெர்மனில் எனக்குப் பிசிறில்லாமல் வருவது
அந்த ஒரு சொல்தான்.

நிக்கோலாய் தேவாலயத்தில்
என் ஒவ்வோர் அடிக்கும் தூண்கள்
தப் என்று பதில் சொல்லின.
ஜெபத்தில் இருந்த ஒருவர் கண்திறந்து
என் காலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.
பீடத்தின் பின்புறம் ஒரு கடிகாரம்.
சூரியன் சந்திரன் போக்கெல்லாம்
ஒருகாலத்தில் அதற்கு அத்துப்படி.
நின்று பல நூறு வருஷமாகிறது.
அதன் எதிரே பலகையில் உட்கார்ந்து
பைக்குள்ளேயே உரித்து ஒரு வாழைப்பழம் தின்றேன்.
கடிகாரம் கண்டுகொள்ளவில்லை.

துறைமுகத்துப் பக்கம், சைக்கிள் பழுதுபார்க்கும் க்ரும்ரை
காலணியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
பழைய ட்யூபில் இரண்டு விரற்கடை கத்தரித்து
வளையமாய் மாட்டினார். வாய் மூடிக்கொண்டது.
எவ்வளவு என்று கேட்டேன்.
ரோஸ்டாக் வரை தாங்கும் என்றார்.

அப்புறம்தான் தலையை நிமிர்த்தினேன்.
நீர், நீருக்கு மேல் ரூகன் தீவுக்குப் போகும் பாலம்,
பாலத்துக்கு மேலே ஒன்றுமில்லை.
கடற்காகம் ஒன்று யாருடைய மீன் ரொட்டியையோ
கவ்விக்கொண்டு போனது. கத்தியது மீனுக்குரியவன்.

ஹாம்பர்க் வரை தாங்கியது வளையம்.
திங்களும் அதோடுதான் வேலைக்குப் போனேன்.
மாங்கா, காலில் என்ன, என்றாள் யூட்டா.
ஸ்ட்ரால்சுண்ட் என்றேன்.
ஷ்ட்ரால், என்று திருத்தினாள்.
ஷ்ட்ரால்சுண்ட்.
பிறகு மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து
மங்கையர்க்கரசி, என்றேன்.
அவள் தொடங்கினாள். யர்க்-கில் கால் இடறி
பாதியில் நின்றாள்.
மறுபடி, என்றேன்.