பதினோராம் நாள், ஷார்ஜா

இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரி.
வெளியே, கார் நிறுத்துமிடத்தில், நாற்பத்தெட்டு.
ஜூலையில் கிருமிக்கு நாங்கள்
குளுகுளு அறை கொடுத்திருக்கிறோம்.

தட்டில் வரிசைக்குப் பன்னிரண்டு குழிகள்.
முதல் குழியில் மருந்தில்லை.
அப்புறம் ஒவ்வொன்றிலும் முந்தியதைப் போல் இரு மடங்கு.
கலங்கியிருந்தால் உயிர், தெளிந்திருந்தால் சாவு.
தெளிந்த தண்ணீரை நல்ல தண்ணீர் என்றே சொல்லி வளர்ந்தவளுக்கு
இது பழக ஒரு மாதம் ஆயிற்று.

கலங்கியதில் கடைசிக் குழியிலிருந்து
ஐந்து மைக்ரோலிட்டர், மறுநாள் தட்டுக்கு.
அவ்வளவுதான் என் வேலை:
கொல்லாத அளவாகப் பார்த்துக் கொடுப்பது.

மூன்றாம் நாள் நான்காவது குழி.
நான்காம் நாள் நான்காவது குழி.
ஐந்தும் அப்படியே.
வெள்ளிக்கிழமை, விடுமுறை, தனியாக வந்தேன்,
பிரியாணிப் பொட்டலத்தை வெளி மேசையில் வைத்துவிட்டு.
எட்டாவது குழிவரை
கஞ்சித் தண்ணீர் போல் நின்றது.
பொட்டலம் ஆறிப்போனது.

மரபணுவைப் படித்தபோது
மாறியிருந்தது ஒரே ஓர் எழுத்து.

"கற்றுக்கொண்டுவிட்டது" என்றான் பிஜோய்.
இல்லை. எதுவும் எதையும் கற்கவில்லை.
கோடிகளில் ஒன்று தப்பாக எழுதப்பட்டிருந்தது,
சரியாக எழுதப்பட்டவை செத்து
அதற்குச் சாப்பாட்டை விட்டுப்போயின.
"நம்மைப் போல" என்றான்,
வெயில், விசா, வாடகை என்று விரல் மடக்கினான்.
நாம் பழகினோம் பிஜோய்,
இது பழகவில்லை, மிஞ்சியது.
லேபிளை ஒட்டு.

லேபிளில் எண் மட்டும்.
எண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய தாள்:
சஜ்ஜா தொழிலாளர் முகாம். ஆண். முப்பத்தொன்று. சிறுநீர்.
கழிப்பறை தூரமென்று தண்ணீர் குறைத்திருக்கிறான்.
அறைத்தோழன் மிச்சம் வைத்த அட்டையில்
இரண்டு மாத்திரை, காலைக்கு ஒன்றாக.
மருத்துவர் கையெழுத்தில் அது அடிக்கோடிட்டிருந்தது.

கொல்லாத அளவு.

மருந்தே காட்டாமல் பக்கத்தில் வளர்த்த வரிசைக்கு
பதினோராம் நாள் முதல்முறையாக மருந்து வைத்தேன்.
மூன்றாவது குழியிலேயே தெளிந்தது.
அன்றைக்கு அவனுடையதும் இப்படித்தான் தெளிந்திருக்கும்,
குணமாகிப் போயிருப்பான்.

மற்றதை மைனஸ் எண்பதில் வைத்துப் பூட்டினோம்.
குப்பியில் அவன் எண்.
உள்ளே, அவன் உடம்பில் ஒருநாளும் இல்லாத ஒன்று.

கையை இரண்டு தடவை கழுவினேன்.