முகப்பு அடிக்கு இவ்வளவு

விற்பதற்காக எடுத்த படங்கள்.
அழகுக்காக ஒன்றுகூட இல்லை.
வின்னிபெக், பிரின்சஸ் தெரு, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டு:
நாலு மாடி, செங்கல், முகப்பு அடிக்கு இத்தனை டொலர்.
உள்ளே எவ்வளவு ஆழம் போனாலும்
தெருவைப் பார்க்கும் அகலத்துக்குத்தான் விலை.

ஒரு தரகுக் கம்பனி நொடித்தபோது
காப்பகத்து வாசலில் இறக்கிவிட்டுப் போன
பத்தொன்பது பெட்டிகள்.
நிலவறையில், நீல ரப்பர்க் கையுறையோடு
ஒவ்வொன்றாய் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்கிறேன்.
குப்புறக் கிடக்கும் கட்டடங்களுக்கு அடியில்
ஒரு வெளிச்சம் மெல்ல நடந்து போகிறது.

எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் ஒரு பலகை.
பலகையில் சோக்கட்டியால் எழுதிய எண்.
இரண்டு பக்கமும் நாலு நாலு விரல்கள்.
கீழே சப்பாத்து, மேலே தொப்பியின் விளிம்பு,
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
1147.

எட்டு மாதமாக இந்த விரல்களோடு இருக்கிறேன்.
மாசியில் கம்பளிக் கையுறை, வைகாசியில் வெறுங்கை.
1158இல் சுட்டுவிரலில் துணிக்கட்டு.
1162இல் கட்டு இல்லை, எனக்கு ஏனோ நிம்மதி.
ஒரு படத்தின் பின்புறம் பென்சிலில்:
பலகைப் பையன் பிந்தினான். பத்துச் சதம் கழிக்கவும்.
அவனுடைய சரித்திரம் அவ்வளவுதான்.

"சொத்தை மட்டும் எழுது, கேதீஸ்" என்பார் டோரீன் க்ளாசன்.
நல்ல மனுசி. என் பிறந்தநாளை மறந்ததில்லை.
முகவரி, மாடிகள், கட்டுமானப் பொருள், பெயர்ப்பலகையில் உள்ள எழுத்து.
அதற்கு மேல் கட்டம் இல்லை.

அவரிடம் சொல்லவில்லை,
இந்தத் தெருவை எனக்கு முதுகுப் பக்கமாகத் தெரியும் என்று.
தொண்ணூற்று மூன்று, முதல் பனிக்காலம்,
1147இன் பின்சந்தில் இரும்புக்கதவைத் தட்டித்தான்
கோப்பை கழுவப் போனேன்.
1151இல் இரவு கூட்டித் துடைத்தேன்.
1160இன் ஆவிக்குழாய் அடியில் கைகளை நீட்டிக்கொண்டு
ஏஜென்சிக்காரனுக்குக் கட்டக் கடன்பட்ட காசுக்கு
வட்டி பார்த்தேன்; கணக்கு ஒருநாளும் சரிவரவில்லை.

இவற்றுக்கெல்லாம் இப்படித் தூண்கள் இருப்பது
இப்போதுதான் தெரியும்.
கதவுக்கு மேல் கல்லில் திராட்சைக்குலை.
மூன்றாம் மாடியில் வாய் பிளந்த சிங்கம்.
மூன்று வருடம் நான் குப்பை கொட்டிய கட்டடத்துக்கு
சிங்கம் இருந்திருக்கிறது!

1189 மூலை மனை.
முழுக்கட்டடத்தையும் அடக்கப் படக்காரன்
கொஞ்சம் பின்னால் போயிருக்கிறான்.
வலப்புறம் சந்து உள்ளே வந்துவிட்டது.
கதவு திறந்திருக்கிறது.
ஒரு வாளி. சுருட்டிவிட்ட ஒரு சட்டைக்கை.
கொட்டிய தண்ணீர் தரையைத் தொடாமல்
வெள்ளைத் துணியாய் அந்தரத்தில் நிற்கிறது.
அதே நொடியில் பலகையும் சற்றுச் சரிந்து,
தொப்பிக்கும் எண்ணுக்கும் நடுவே
ஒரு காது.
அந்தப் பக்கம் திரும்பிய, சற்றே விடைத்த காது.

படத்தின் குறுக்கே சிவப்புப் பென்சில்: உதவாது. மறுபடி எடுக்க.
அடுத்த உறையில் மறுபடி எடுத்தது.
கதவு சாத்தியிருக்கிறது, சந்து இல்லை,
பலகை நேராக, முகம் எண்ணாக.

இப்போது அந்த மூலையில் கார் நிறுத்துகிறார்கள்,
மணிக்கு ஆறு டொலர்.

இரண்டையும் ஸ்கேன் பண்ணினேன்.
உதவாததின் குறிப்பில் எழுதினேன்:
செங்கல், நாலு மாடி. வலப்புறச் சந்தில் கதவு திறந்துள்ளது. வாளி.
உள்ளிருந்து யாரோ பையனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டோரீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
திரைக்குக் கிட்டக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.
"கூப்பிட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

கடைசி வரியை அழித்தேன்.
வாளி இருக்கட்டும் என்றார்.